பெயர் கொடுத்து வாங்கிய பிள்ளைகள்: தெல்லிப்பழையிலிருந்து ஒரு பழைய கணக்கு

ஆண்டு இறுதி நெருங்கிவிட்டால் புலம்பெயர் தமிழ் வானொலிகளிலும் தொலைக்காட்சிகளிலும் ஒரு நிகழ்ச்சி தவறாது இடம்பெறும். காலை தொடங்கி இரவு வரை நேயர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள். தாயகத்தில் வறுமையில் வாடும் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்பதாகச் சொல்வார்கள். அறிவிப்பாளர் அவரது பெயரையும் ஊரையும் தொகையையும் வாசிப்பார், அடுத்தவர் அழைப்பார். இந்த ஏற்பாடு போருக்குப் பின்னர், அல்லது ஆழிப்பேரலைக்குப் பின்னர் தோன்றிய ஒன்று எனப் பலர் எண்ணியிருக்கிறார்கள். மேலைநாட்டுத் தொண்டு நிறுவனங்களைப் பார்த்து நாம் கற்றுக்கொண்டது என்று சொல்வோரும் உண்டு.

வரலாறு வேறு விதமாக இருக்கிறது. ஊடகத்தில் செய்தி போட்டு, ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு ஒரு குறிப்பிட்ட கொடையாளியைப் பொருத்தி, ஆண்டுதோறும் பணம் திரட்டும் முறை உலகில் மிக முற்பட்டே கைக்கொள்ளப்பட்ட இடங்களில் ஒன்று கீரிமலையிலிருந்து ஐந்தாறு கிலோமீற்றருக்கு மேல் போகாத தொலைவில் இருக்கிறது. அது தெல்லிப்பழை. காலம் 19ஆம் நூற்றாண்டின் முதற் கால்.

கீரிமலையை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடலோரத்தில் நன்னீர் சுரக்கும் அந்தக் கேணியும், நகுலேஸ்வரப் பெருமானின் கோயிலும், ஆடி அமாவாசையில் தந்தையரை நினைத்து நீராட வரும் கூட்டமும் நம்மவர் அனைவரும் அறிந்தவை. அங்கே மடங்கள் இருந்தன. தீர்த்தமாட வந்தவர்களுக்கும் பசித்து வந்தவர்களுக்கும் அந்த மடங்களில் சோறு கிடைத்தது. கொடுத்தவரின் பெயர் மடத்தின் கல்லில் இருக்கலாம். உண்டவரின் பெயரை யாரும் கேட்டதில்லை, எழுதி வைத்ததுமில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய தருமத்தின் இயல்பு அது. அந்தத் தருமத்துக்குச் சாதியின் வேலி இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எல்லாப் பந்தியும் எல்லோருக்கும் விரிக்கப்படவில்லை. ஆனால் பசித்தவனின் கதையை ஊருக்குச் சொல்லிப் பணம் திரட்ட வேண்டிய தேவை அந்த முறைக்கு இருக்கவில்லை. கொடுப்பவனும் பெறுபவனும் ஒரே ஊரில் இருந்தார்கள்.

கொடுப்பவன் பொஸ்டனிலும் பெறுபவன் தெல்லிப்பழையிலும் இருந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் அச்சு ஊடகம் வந்து சேர்ந்தது.

1810இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்ட வெளிநாட்டு மிஷன் சங்கம் அனுப்பிய ஊழியர்கள் 1816இல் இலங்கையை வந்தடைந்தனர். அவர்களுள் டானியல் பூவரும் எட்வேட் வொறனும் தெல்லிப்பழையில் தங்கினர். மெய்க்ஸ், றிச்சட்ஸ் ஆகியோர் வட்டுக்கோட்டைக்குச் சென்றனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற பழைய தேவாலயக் கட்டடங்களே அவர்களுக்குக் கிடைத்தன. பூவர் தமிழைக் கற்றார், பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்றைய தெல்லிப்பழை யூனியன் கல்லூரி தனது தொடக்கமாகக் கொள்வது அந்த 1816ஆம் ஆண்டையே.

பகற் பள்ளிக்கூடம் நடத்துவது கடினமாக இருக்கவில்லை. பிள்ளைகளை மிஷன் வளவிலேயே தங்கவைத்து உணவும் உடையும் கொடுத்துப் படிப்பிப்பதே அவர்களது விருப்பம். அதற்குத் தடைகள் இரண்டு. முதலாவது, பிள்ளைகள் வரவில்லை. பறங்கி வீட்டில் உண்டால் சாதி போய்விடும் என்ற அச்சம் பெற்றோரைப் பிடித்திருந்தது. வட்டுக்கோட்டையில் மிஷன் வளவுக்கு வெளியே, சைவருடைய நிலத்தில், தனியே சமையற்கூடம் அமைத்துச் சோறு சமைப்பிக்க வேண்டியதாயிற்று. வந்து சேர்ந்தவர்களிற் பலர் வேறு வழியற்ற வறிய வீட்டுப் பிள்ளைகள். இரண்டாவது தடை பணம்.

பணத்துக்கு அவர்கள் நாடியது ஒரு சஞ்சிகையை. 'பனொப்ளிஸ்ற்' என்ற பெயரில் வெளிவந்து, 1821 முதல் 'மிஷனரி ஹெரால்ட்' என்ற பெயரைப் பெற்ற மாத இதழ் அது. யாழ்ப்பாணத்திலிருந்து பூவரும் மற்றவர்களும் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் கப்பலேறிப் பல மாதங்கள் கழித்துப் பொஸ்டன் சென்று அந்த இதழில் அச்சேறின. பசியால் மெலிந்த பிள்ளைகள், கொள்ளைநோயில் பெற்றோரை இழந்தவர்கள், பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றவர்கள் என்று அவர்கள் எழுதினார்கள். ஒரு செய்தியாளனின் கண்ணோடு பார்த்தால் அவற்றில் நல்ல எழுத்து உண்டு. மிகைப்படுத்தலும் உண்டு, நமது சமயத்தையும் வழக்கங்களையும் பற்றிய இழிவான சொற்களும் ஏராளம். இருள் எவ்வளவு கறுப்பாகத் தீட்டப்படுகிறதோ அந்த அளவுக்கு விளக்கெண்ணெய்க்குப் பணம் வரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அத்துடன் ஒரு புது ஏற்பாடும் செய்யப்பட்டது. ஆண்டுதோறும் குறித்த ஒரு சிறு தொகையைச் செலுத்தும் எவரும் ஒரு பிள்ளையைப் 'பொறுப்பெடுக்கலாம்'. அப்படிப் பொறுப்பெடுப்பவர் தமக்கு விருப்பமான பெயரொன்றை அந்தப் பிள்ளைக்குச் சூட்டலாம். ஊர்த் தேவாலயத்துப் பெண்கள் சங்கம் ஒன்று கூடித் தங்கள் போதகரின் பெயரைக் கொடுக்கும். ஞாயிறு பள்ளிக்கூடத்துச் சிறுவர்கள் காசு சேர்த்து இறந்துபோன ஆசிரியரின் பெயரைக் கொடுப்பார்கள். மகளைப் பறிகொடுத்த தாய் அந்த மகளின் பெயரைக் கொடுப்பாள். சஞ்சிகையின் கடைசிப் பக்கங்களில் நெருக்கிய எழுத்தில் நன்கொடைப் பட்டியல் வரும். எந்த ஊர், எந்தச் சங்கம், எத்தனை டொலர் எத்தனை சதம், இலங்கையிலுள்ள எந்தப் பெயருடைய பிள்ளைக்காக என்ற விபரம் அதில் இருக்கும். தன் ஊரின் பெயரை அடுத்த மாத இதழில் தேடிப் பார்க்கும் ஆவல் அக்காலத்து அமெரிக்கக் கிராமத்தவருக்கு இருந்திருக்கும். வானொலியில் தன் பெயர் வாசிக்கப்படும் வரை காத்திருக்கும் நம்மவரின் ஆவலும் அதுவே. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பத்திரிகை நடத்தியவர்கள் எவரும் பெயர்ப்பட்டியலின் வலிமையை அறிவார்கள். மரண அறிவித்தலும் வாழ்த்துச் செய்தியும் விற்பனையைத் தாங்கிய காலமொன்று நமது நாளேடுகளுக்கும் இருந்தது.

இதன் விளைவை யாழ்ப்பாண வரலாற்றில் நாம் நாள்தோறும் சந்திக்கிறோம், கவனிப்பதில்லை. 1841இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய 'உதயதாரகை' நமது முதற் பத்திரிகை. அதன் முதல் ஆசிரியர்களாகிய தமிழர் இருவரின் பெயர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பின்னர் அதே பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்து, 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' என்ற அரிய நூலைத் தந்த சதாசிவம்பிள்ளை, ஆர்னோல்ட் என்ற பெயரோடுதான் அறியப்படுகிறார். நல்லூரில் வைமன் வீதியால் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எண்ணியிருப்பார்கள்? அகராதி தொகுத்த கதிரைவேற்பிள்ளைக்கு மிஷன் பள்ளியில் கிடைத்த பெயர் வைமன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857இல் வெளிவந்த இருவரும் வட்டுக்கோட்டையிற் படித்தவர்கள்: ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் தாமோதரம்பிள்ளை.

தாமோதரம்பிள்ளையின் பெயரில் ஒரு சுவையான செய்தி உண்டு. தமிழில் அவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, சிறுப்பிட்டி வைரவநாதர் மகன் என்பது பொருள். ஆங்கில ஏடுகளிலோ அவர் சி. டபிள்யூ. ஊரும் தந்தையும் ஒரு மொழியில் நிற்க, மிஷன் கொடுத்த பெயர் மறுமொழியில் நிற்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அந்தப் பேரறிஞர் பின்னாளில் சைவராகவே வாழ்ந்தார். விசுவநாதபிள்ளையும் அவ்வாறே திரும்பினார். இன்னும் ஒரு படி மேலே போனால், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் தொடக்கமாக அமைந்த பள்ளிக்கூடத்தை 1880களில் நிறுவியவர் வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. நெவின்ஸ் என்பவர் போல்ரிமோர் நகரத்தில் போதகராயிருந்தவர்.

சோற்றுக்காகச் சமயம் மாறினார்கள் என்ற குற்றச்சாட்டை நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அது முழுப் பொய்யன்று. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியில் படிப்பை முடிக்கும் வரை தங்கிய பெண்களுக்கு மிஷன் சீதனமும் கொடுத்தது. வறிய வீட்டுத் தகப்பனுக்கு அது சிறிய விடயமன்று. ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் இல்லாதிருந்தால் அந்தப் பெண்களுள் எவரும் எழுதப் படிக்கக் கற்றிருக்கமாட்டார் என்பதும் உண்மை. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்போரின் வரலாறு எனக்கு உடன்பாடானதன்று.

இந்த ஏற்பாட்டின் உண்மையான பலவீனம் வேறோரிடத்தில் இருந்தது. 1837இல் அமெரிக்காவில் வங்கிகள் முறிந்தன, வணிகம் படுத்தது. பொஸ்டனிலிருந்து வரும் பணம் சட்டென்று குறைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து மிஷன் தனது கிராமப் பள்ளிக்கூடங்களைக் கூட்டங்கூட்டமாக மூடியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நியூயோர்க்கில் பருத்தி விலை விழுந்ததற்கும் அளவெட்டியிலோ மல்லாகத்திலோ ஒரு பையன் ஏடு தூக்காமல் விட்டதற்கும் தொடர்பு இருக்கிறது என்று அந்தப் பையனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தூரத்து இரக்கத்தில் தங்கிய தருமத்துக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. 2008ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடியின்போதும் இதையொத்த நிலையைப் பல சிறுவர் இல்லங்களின் கணக்கேடுகளில் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு மறுமொழியாக உள்ளூரிலிருந்து எழுந்தவர் ஆறுமுக நாவலர். மிஷன் பள்ளியிற் படித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்று, அவர்களது கருவிகளைக் கையிலெடுத்தே அவர்களை எதிர்த்தவர் அவர். 1849இல் சென்னையில் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். நகுலேஸ்வரத்தையும் திருக்கேதீச்சரத்தையும் மீளக் கட்டியெழுப்ப வேண்டுமென்று சைவ மக்களைத் தூண்டியவரும் அவரே. இன்று நாம் காணும் கீரிமலைக் கோயிலின் மறுவாழ்வுக்கு அவரது எழுத்தும் பேச்சும் தொடக்கமாயின.

1876, 1877ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்துப் பஞ்சமும் வாந்திபேதியும் யாழ்ப்பாணத்தை வாட்டியபோது நாவலர் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார். பொருளுள்ளவர்களிடம் நெல்லும் அரிசியும் பணமும் திரட்டி, பசித்து வந்தோருக்குக் கஞ்சி வார்க்கும் ஏற்பாடு அது. அத்தோடு அவர் நின்றிருந்தால் நல்ல தருமவான் என்ற பெயரோடு போயிருப்பார். அவர் நிற்கவில்லை. பஞ்சத்தில் மக்கள் மடிய அரசாங்கம் என்ன செய்தது என்று கேட்டார். வடமாகாண அரசாங்க அதிபராயிருந்த துவைனம் துரையை, அக்காலத்தில் யாழ்ப்பாணத்து அரசன் போல விளங்கியவரை, 1877இல் தோன்றிய 'இலங்கை நேசன்' பத்திரிகையில் பெயர் சொல்லிக் கண்டித்து எழுதினார். கஞ்சி வார்ப்பதும் கேள்வி கேட்பதும் அவருக்கு ஒரே வேலையின் இரு பகுதிகள். 1879 டிசம்பரில் அவர் காலமானார்.

அதே பஞ்சம் கடலுக்கு அப்பால் தமிழகத்தில் பல்லாயிரம் மடங்கு கொடியதாக இருந்தது. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் முதியோர் சொல்வது அதுதான். அங்கே இந்தப் பணியைச் செய்தவர் நமது தொழிலைச் சேர்ந்த ஒருவர், அதுவும் இலங்கையிற் பயின்றவர். வில்லியம் டிக்பி 1871இல் கொழும்புக்கு வந்து 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையில் உதவி ஆசிரியராயிருந்தார். ஏழைகளின் உணவின்மேல் விதிக்கப்பட்ட வரிகளுக்கு எதிராக இங்கே எழுதினார். 1877இல் சென்னைக்குச் சென்று 'மட்றாஸ் ரைம்ஸ்' ஆசிரியரானார். பஞ்சத்தைக் கண்டார். அந்த ஆண்டு ஓகஸ்டில் சென்னையில் கூடிய பொதுக்கூட்டம் இலண்டன் மாநகர முதல்வருக்குத் தந்தியடித்து உதவி கேட்டது. நிவாரண நிதிக் குழுவின் செயலாளராக டிக்பி பணியாற்றினார்.

தந்தி என்ற புதுக் கருவி இங்கேதான் தன் வலிமையைக் காட்டியது. பூவரின் கடிதம் பொஸ்டன் போய்ச்சேர மாதங்கள் எடுத்தன. சென்னைச் செய்தி மறுநாள் இலண்டன் பத்திரிகைகளில் இருந்தது. சில மாதங்களுக்குள் திரண்ட தொகை எட்டு இலட்சம் பவுணளவு. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பராமரிப்பும் அந்த நிதியால் நடந்தது. டிக்பியும் நாவலரைப் போலப் பணம் திரட்டியதோடு நிற்கவில்லை. நிவாரண வேலைத்தலங்களில் கூலியாகக் கொடுக்கப்படும் தானியத்தை ஒரு இறாத்தலாகக் குறைத்த றிச்சட் ரெம்பிளின் கட்டளையை எதிர்த்து எழுதினார். 1878இல் இரண்டு தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூல் தென்னிந்தியப் பஞ்சத்தைப் பற்றி அறிய விரும்பும் எவரும் தாண்டிப்போக முடியாத ஆவணமாக நிற்கிறது.

அதே பஞ்சத்தில் ஒளிப்படமும் நுழைந்தது. ஹூப்பர் என்ற படை அதிகாரி எலும்பும் தோலுமான மனிதர்களை, குழந்தைகளோடு, வரிசையாக அமர்த்திப் படமெடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் உண்டு, பார்த்தபின் மறந்தவர்கள் இல்லை. ஆனால் அவற்றில் இருப்பவர்களுள் ஒருவரின் பெயரேனும் படத்தோடு வரவில்லை. தெல்லிப்பழையில் வேறொருவர் பெயரைப் போட்டார்கள். இங்கே பெயரே போடவில்லை.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இலண்டனில் எக்லன்ரைன் ஜெப் என்ற பெண்மணி இதே கருவியைக் கையாண்டார். முதல் உலகப் போர் முடிந்த பின்னும் தொடர்ந்த கடல் முற்றுகையால் ஒஸ்ரியக் குழந்தைகள் பட்டினியில் வாடினர். பட்டினிக் குழந்தையின் படத்தோடு துண்டுப்பிரசுரங்களை அச்சிட்டு 1919இல் ட்ரஃபல்கார் சதுக்கத்தில் விநியோகித்த ஜெப் கைது செய்யப்பட்டார். தணிக்கைக்கு உட்படுத்தாமல் வெளியிட்டது குற்றம். ஐந்து பவுண் தண்டம். அரச தரப்பில் வழக்காடிய சட்டத்தரணியே அந்த ஐந்து பவுணை அவரிடம் கொடுத்தாராம். சிறுவர் பாதுகாப்பு நிதியத்துக்குக் கிடைத்த முதற் கொடை அதுவென்று சொல்லப்படுகிறது. நேற்றுவரை எதிரியாயிருந்த நாட்டின் குழந்தைக்காகப் பணம் கேட்டவர் அவர். 1924இல் நாடுகளின் சங்கம் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைப் பிரகடனத்தை வரைந்தவரும் அவரே. பணம் திரட்டத் தொடங்கிய ஒருவர் ஐந்து ஆண்டுகளில் உரிமை பற்றிப் பேச வந்துவிட்டார்.

கீரிமலைக்குத் திரும்புவோம். 1990இல் போர் அந்தக் கரையை விழுங்கியது. கோயில் குண்டுவீச்சில் சிதைந்தது. மாவிட்டபுரம், காங்கேசன்துறை, மயிலிட்டி என வலிகாமம் வடக்கின் மக்கள் எழுந்து போனார்கள். உயர்பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் அவர்களது நிலம் மூடப்பட்டது. தெல்லிப்பழை துர்க்கையம்மன் கோயிலில் 1980களில் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி தொடங்கிய பெண்பிள்ளைகள் இல்லமும் போரின் அலைக்கழிப்புக்குத் தப்பவில்லை. அந்த அம்மையார் 2008இல் மறையும் வரை, ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் சென்று ஆற்றிய சொற்பொழிவுகளே அந்த இல்லத்துக்கு விளம்பரம். மேடையில் திருமுறையைப் பேசி இறங்கும்போது, பெற்றோரற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டு இறங்குவார். எந்தப் பிள்ளையையும் மேடையில் ஏற்றிக் காட்ட வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை.

மல்லாகப் பகுதியிலிருந்த நலன்புரி நிலையமொன்றுக்கு, போர் முடிந்த சில ஆண்டுகளின் பின், செய்திக்காகச் சென்றிருந்தேன். கீரிமலையிலிருந்து பெயர்ந்த குடும்பங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே தகரத்தின் கீழ் இருந்தன. அன்றைக்கே ஒரு தொண்டு நிறுவனத்தின் பரப்புரைக் குழுவும் வந்திருந்தது. பெயர் வேண்டாம். எட்டு வயதளவான ஒரு சிறுமியைப் படமெடுக்க நிறுத்தினார்கள். புகைப்படக் கருவியைக் கண்டதும் பிள்ளை சிரித்தாள். சிரிக்க வேண்டாம் என்றார்கள். அவளுக்கு அது விளையாட்டாகப் பட்டது, மேலும் சிரித்தாள். காலில் இருந்த செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அருகில் நின்ற பாட்டியார், "தம்பி, அந்தச் செருப்பு நேற்றுத்தான் வாங்கினது. அவள் அதைக் காட்டத்தானே வந்து நிக்கிறாள்" என்றார். குழுவில் இருந்த இளைஞர் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல பிள்ளை, அவருக்கு மேலே இருந்தவர்கள் கேட்டதை அவர் செய்தார்.

எனது நாளேட்டில் அந்தக் கிழமை வந்த கட்டுரையில் அந்த மக்களின் நிலம் யார் கையில் இருக்கிறது, எத்தனை குடும்பங்கள் காத்திருக்கின்றன என்பவற்றை எழுதினேன். படத்தில் ஒரு தகரக் கொட்டிலும் அதன் முன் நின்ற தண்ணீர்க் குடங்களும் இருந்தன. அதைப் பார்த்து எவரும் காசோலை அனுப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிரிக்காத பிள்ளையின் படம் எங்கேனும் வந்திருந்தால் அதற்குப் பணம் வந்திருக்கும். அந்தப் பணத்தில் அவளுக்குப் பாடப் புத்தகமும் கிடைத்திருக்கும். இந்தச் சங்கடத்தை இலகுவாகத் தீர்த்துவிட்டதாகச் சொல்லும் பத்திரிகையாளரை நான் நம்புவதில்லை.

1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. சிறுவரை அடையாளப்படுத்திப் படம் வெளியிடுவதில் இன்று ஓரளவு கட்டுப்பாடு வந்திருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தமக்கென விதிகளை எழுதி வைத்திருக்கின்றன. முகநூலிலும் யூரியூப்பிலும் உதவி வழங்கும் தனியாட்களுக்கு அந்த விதிகள் எட்டவில்லை. துவிச்சக்கரவண்டியைக் கொடுத்துவிட்டு, வாங்கிய பிள்ளையை ஒலிவாங்கியின் முன் நிறுத்தி, இலண்டன் மாமாவுக்கும் ரொறன்ரோ அன்ரிக்கும் நன்றி சொல்லச் சொல்லும் காணொளிகள் நாள்தோறும் வருகின்றன. பிள்ளையின் வகுப்புத் தோழர்களும் கைபேசி வைத்திருக்கிறார்கள் என்பதை யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

'மிஷனரி ஹெரால்ட்' இதழின் பழைய தொகுதிகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. நன்கொடைப் பட்டியல்களை வாசித்துப் பார்க்கலாம். எந்த ஊர்ப் பெண்கள் சங்கம் எத்தனை டொலர் அனுப்பியது என்பது சதக் கணக்குடன் இருக்கிறது. இலங்கைப் பிள்ளைகளுக்கு அவர்கள் கொடுத்த ஆங்கிலப் பெயர்களும் இருக்கின்றன. வைரவநாதரின் மகனைப் போலப் பெரியவராய் வளர்ந்து தகப்பன் பெயரைத் தமிழில் மீட்டுக்கொண்ட சிலரைத் தவிர்த்தால், அந்தப் பட்டியலிலுள்ள மற்றப் பிள்ளைகளை அவர்களது தாய்மார் வீட்டில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதற்கு அதில் இடம் விடப்படவில்லை.